கூடை சுமந்த மாவுப் பொம்மை

அழகுத்தாய்க்கு எதிலும் சந்தேகம். கடையில் உப்பு வாங்கினாலும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போடுவாள். உப்பு உப்பாகத்தானே இருக்கும் என்று கேட்டால், "அப்பிடித்தான் நம்மள நம்ப வச்சுருக்கான்" என்பாள். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் சிவப்பு மருந்து ஊற்றிக் கொடுத்தால், முதலில் அவரை ஒரு மடக்கு குடிக்கச் சொல்வாள். அவர் மலையாளத்தில் ஏதேதோ சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் குடித்துவிடுவார்.

சாந்தன்பாறைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் வேலுத்தாய், தோட்டத்துப் பிள்ளைக்கொட்டகையில் ஆயா. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் விடிந்ததும் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எல்லோரும் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுவார்கள். அழகுத்தாய் மட்டும் வாசலில் நின்று கொட்டகையின் கூரையைப் பார்ப்பாள், அடுப்பைப் பார்ப்பாள், கடைசியில் என்னைப் பார்ப்பாள். "என்னட்டி, நேத்து பாத்த அதே மூஞ்சிதான்" என்று நான் எரிந்து விழுவேன். அவளுக்கு உறைக்காது.

அவளைக் கிறுக்கி என்று சொன்னவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். கொழுந்து நிறுக்கும் தராசில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று முதலில் சொன்னவள் அவள்தான். எல்லோரும் சிரித்தோம். அவள் கூடையை இறக்காமல் வழியை மறித்து நின்றாள். கடைசியில் புது மானேஜர் வந்து தராசைக் கழற்றிப் பார்த்தால், எடைக்கல் வைக்கும் தட்டுக்கு அடியில் இரும்புத் துண்டு ஒட்டியிருந்தது. நிறுத்துக்கொண்டிருந்த கணக்கன் அந்த வாரமே மலையிறங்கினான். அதிலிருந்து அவள் சந்தேகத்துக்கு லயத்தில் ஒரு மரியாதை வந்துவிட்டது. அவள் ஒருவனை முறைத்துப் பார்த்தால் போதும், மற்ற பெண்களும் அவனை முறைப்பார்கள்.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. வீரபாண்டியைக் கட்டிக்கொண்டு போடி மெட்டு வழியாக மலையேறி வந்தபோது வாய் நிறையச் சிரிப்போடுதான் வந்தாள். முதல் பிள்ளை குளிர்காய்ச்சலில் போனது. இரண்டாவது தத்தித் தத்தி நடக்கக் கற்றுக்கொண்ட பிறகு, அதே காய்ச்சலில் போனது. 'அம்மா' என்று கூப்பிடத் தெரிந்த பிள்ளை. கூப்பிட்டுக்கொண்டேதான் போனது.

மூன்றாவதாகப் பெண் பிறந்தபோது அழகுத்தாய் அதன் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை. கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொல்லியிருந்தான். இவள் பிள்ளைகளைக் கொண்டுபோகிற ஒன்று இவள் வாசலிலேயே காத்துக் கிடக்கிறது, பிறந்தது இவள் பிள்ளை இல்லை என்று அதை ஏமாற்றினால்தான் தங்கும் என்றான். எங்கள் பக்கத்தில் இதற்கு வழக்கம் உண்டு. பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தோம். அதனால் குப்பம்மாள் என்று பேர். பிறகு நான் ஒரு நாழித் தவிட்டை அளந்து கொடுத்து அவளை விலைக்கு வாங்கினேன். வாங்கிய பிள்ளையைக் கூலிக்கு வளர்க்கச் சொல்லி அழகுத்தாயிடமே திருப்பிக் கொடுத்தேன். ஊரறிய நான் அம்மா, அவள் கூலிக்கு வளர்க்கிறவள். குப்பி பேசத் தொடங்கியதும் என்னை 'அம்மா' என்றாள். பெற்றவளை 'அக்கா' என்றாள். அப்படித்தான் பழக்கினோம். தப்பித் தவறி அந்தப் பிள்ளை வாயிலிருந்து அவளைப் பார்த்து 'அம்மா' என்ற சொல் விழுந்துவிட்டால், காத்துக் கிடப்பது தெரிந்துகொள்ளும், பிள்ளையைக் கொண்டுபோய்விடும். அழகுத்தாய் வாழ்க்கையில் சந்தேகப்படாமல் நம்பியது இது ஒன்றைத்தான்.

எனக்கு ஏற்கெனவே மூன்று ஆண்பிள்ளைகள். அவர்கள் 'அம்மா அம்மா' என்று கத்தியே காது புளித்துப் போயிருந்தது. ஆனால் குப்பி என்னை அப்படிக் கூப்பிடும்போது அழகுத்தாய் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கே பொறுக்காது. சோற்றில் கல் கடித்தவள்போல ஒரு கணம் அப்படியே நிற்பாள். பிறகு, "உங்க பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது மதினி, பாக்கக்கூடாதா?" என்று ஒரு குத்து.

அந்த 'உங்க பிள்ளை'யில்தான் வினை இருந்தது. நான் உண்மையிலேயே பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொள்வேன் என்று அவளுக்குச் சந்தேகம். குப்பிக்குத் தலைவாரிவிட்டால், சீப்பில் சிக்கிய முடியைக் கையோடு கேட்டு வாங்கி, மூன்று தரம் துப்பி, தன் வீட்டு அடுப்பில் போடுவாள். முடி எவர் கையில் போனாலும் பிள்ளை அவர் பக்கம் போய்விடுமாம். எனக்குக் கோபம் வரும். பிள்ளை முடியை வைத்து நான் என்ன, குழம்பா வைக்கப்போகிறேன் என்று கேட்டிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் சகாயம் பிஸ்கட் சுடப்போவதாகச் சொன்னார்.

சகாயம் தூத்துக்குடிப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் குசினிக்காரராக இருந்தவர். துரை குடும்பம் கப்பலேறிப் போன பிறகு, புது மானேஜர் அவரைப் பிள்ளைக்கொட்டகைக்குக் கஞ்சி காய்ச்ச அனுப்பிவிட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்ல மாட்டார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குத் துரைசாணி தன் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு சீனிப் பிஸ்கட் சுடுவாள். லயத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று மூக்காலேயே தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அது அவர் மனதில் கிடந்து அரித்திருக்க வேண்டும். துரைசாணி விட்டுவிட்டுப் போன தகர அச்சுகளையும் இரும்பு அடுப்புப் பெட்டியையும் தேடி எடுத்துத் தேய்த்து வைத்தார். மானேஜரைக் கேட்டார். மானேஜர் மாவும் சீனியும் வெண்ணெயும் ஸ்டோரிலிருந்து கொடுக்கச் சொன்னார்.

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. குழாயடியில் அழகுத்தாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கம்பளி கேட்டா இல்லங்கான். கூரை ஒழுகுதுன்னா பாக்கலாம்ங்கான். சீனியும் வெண்ணெயும் மட்டும் கேக்காமலே குடுக்கானாக்கும்? என்னத்துக்குக் குடுக்கான்?"

ஒருத்தி, பிள்ளைகளை வேதத்தில் சேர்ப்பதற்கு என்றாள். இன்னொருத்தி, பூச்சி மருந்தைக் கலந்து கொடுக்கப்போகிறார்கள் என்றாள். தொழிற்சங்கக் கூட்டத்தில் யார் யார் பேசினார்கள் என்று பிள்ளைகள் வாயைக் கிண்டத்தான் என்று மூன்றாமவள் சொன்னாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் சத்தம் போட்டேன்.

"நான் அங்கனதானட்டி இருப்பேன்? என்னையத் தாண்டி எவன் என்ன கலக்குவான்?"

அழகுத்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க இருப்பீக. அதான் மதினி யோசிக்கேன்" என்றாள். கடைசியில், குப்பி வேடிக்கை பார்க்கலாம், ஒரு துண்டுகூட வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மஞ்சு இறங்கி, பிள்ளைக்கொட்டகைக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஒரே கூத்து. சகாயம் வெண்ணெயையும் சீனியையும் ஒரு சட்டியில் போட்டு மரக்கரண்டியால் அடித்தார். வெளுத்து நுரைத்து வந்ததும் முட்டையை உடைத்து ஊற்றினார். ஏலக்காயைத் தட்டிப் போட்டு மாவைக் கொட்டிப் பிசைந்தார். சுத்தமான பலகையில் மாவைப் பரப்பி, காலி பாட்டிலை உருட்டித் தேய்த்தார். பிள்ளைகள் கைகளைக் கழுவச் சொன்னபோது கழுவினார்கள். உடனே தலையைச் சொறிந்தார்கள். மறுபடியும் கழுவச் சொன்னார்.

அச்சுகள் மூன்றுதான். நட்சத்திரம், கூம்பு மரம், கை கால் விரித்த ஆள். பிள்ளைகள் அச்சை அழுத்தி எடுக்க, அவர் தட்டில் அடுக்கிப் பெட்டிக்குள் தள்ளி, கீழேயும் மேலேயும் கங்கு பரப்பினார். கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது பாருங்கள். காலம் முழுவதும் தேயிலையையும் புகையையும் முகர்ந்த மூக்கு எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எச்சில் ஊறிவிட்டது.

ஆறியதும் அலங்காரம். சீனியை மாவாக இடித்து, எலுமிச்சைச் சாற்றில் குழைத்து, கிண்ணங்களில் ஊற்றினார். ஒன்றில் மஞ்சள் பொடி, ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்று வெறும் வெள்ளை. ஈர்க்குச்சியால் தொட்டு எழுதச் சொன்னார். துரைசாணி பிள்ளைகள் எப்படிச் செய்வார்கள் என்று அவர் ஒன்றைச் செய்து காட்டினார். எங்கள் பிள்ளைகள் கேட்டால்தானே! நட்சத்திரத்துக்கு மூன்று பட்டை விபூதி போட்டான் ஒருவன். மரத்தில் குலைகுலையாக வாழைப்பழம் தொங்கவிட்டாள் ஒருத்தி. சகாயம் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒங்க இஷ்டம்போலச் செய்யிங்க. அந்த ஆளு யாரா வேணாலும் இருக்கலாம். ஒங்களுக்கு யாரு வேணுமோ அவுகளச் செய்யிங்க" என்றார்.

குப்பி ஒரு ஆளைச் சுடுவதற்கு முன்னமே தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மிச்ச மாவை உருட்டி அதற்குக் கொண்டை வைத்திருந்தாள். மாவைத் தட்டி முதுகோடு ஒரு கொழுந்துக் கூடை, நெற்றியில் கயிறு. சுட்டு வந்ததும் மஞ்சளில் சேலை கட்டினாள். பீட்ரூட்டில் வட்டமாகப் பொட்டு. மூக்கில் ஒரு ஏலரிசியை ஒட்டினாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, முகத்தைப் பிஸ்கட்டோடு ஒட்ட வைத்துக்கொண்டு செய்தாள். யாரையும் கிட்ட விடவில்லை. யாரது என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஒரு துணுக்குகூட வாயில் வைக்கவில்லை. மற்றதுகள் தின்னத் தின்ன இது எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு அழகுத்தாய்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குப்பி ஓடிப்போய், வாழையிலைத் துண்டில் சுற்றிப் பாவாடைக்குள் வைத்திருந்ததை அழகுத்தாயிடம் நீட்டினாள். "அக்கா, ஒனக்கு" என்றாள்.

அழகுத்தாய் இலையைப் பிரித்தாள். மாவில் செய்த பொம்மை. நெற்றியில் இரத்தச் சிவப்பு. சீனிக் குழம்பில் நீளமாக ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. குப்பி முடிதான். முகத்தை அப்படி ஒட்ட வைத்துக்கொண்டு செய்தால் ஒட்டாமல் என்ன செய்யும்?

மாவுப் பொம்மையில் முடி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். செய்வினை. ஒரு ஆளைக் கட்டிப்போட வேண்டுமென்றால் மாவில் உருப் பிடித்து, சிவப்பு வைத்து, அந்த ஆளின் முடியை ஒட்டி, அவர்கள் வீட்டு வாசலைத் தாண்ட வைப்பார்கள். அழகுத்தாய் போட்ட கூச்சலில் மேல் லயத்து ஆட்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

"சொன்னேம்லா! சீனியும் வெண்ணெயும் சும்மா வருமான்னு கேட்டேம்லா! வந்து பாருங்க, பிள்ளை முடிய வச்சு உருப் பிடிச்சிருக்காவ!"

தராசில் கள்ளத்தைக் கண்டுபிடித்தவள் சொல்கிறாள், யார்தான் மறுப்பார்கள்? மற்ற தாய்மார் தங்கள் பிள்ளைகள் கையிலிருந்த பிஸ்கட்டுகளைப் பிடுங்கினார்கள். பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழத் தொடங்கின. வீரபாண்டி சகாயத்தின் சட்டையைப் பிடித்தான். "இன்னைக்கே மலையிறங்கணும்யா நீ" என்றான். சகாயம் கையெடுத்துக் கும்பிட்டார். "பிள்ளைக வெளாட்டா செஞ்சது தம்பி" என்றார். யார் காதிலும் விழவில்லை.

அழகுத்தாய் என்னிடம் வந்தாள். கண் இரண்டும் கங்காக இருந்தது.

"அவருக்குப் பிள்ள முடி எதுக்கு? சொல்லுங்க மதினி. நீங்க சொல்லித்தான செஞ்சாரு? தவுட்டுக்கு வாங்குனது பத்தாதுன்னு மொத்தமாவே கட்டி இழுக்கப் பாத்தீகளா?"

வாயில் வந்தபடி திட்டினேன். வெளியே சொல்கிற மாதிரி இல்லை. அவள் அசையவில்லை. "சூடத்த அணச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள். கொளுத்திய சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால், அதற்கு மேல் எங்கள் ஊரில் கேள்வி கிடையாது. பொய்ச் சத்தியம் என்றால் குடும்பம் அழியும். யாரோ ஓடிப்போய்ச் சூடம் கொண்டுவந்து வாசற்படியில் ஏற்றினார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். பொய் இல்லை என்றாலும் மூவர் முகமும் கண்ணில் வந்து நின்றது. இத்தனை வருடம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவள் அழுகையை எல்லாம் கேட்டவள் நான். என்னைப் போய்ச் சத்தியம் பண்ணச் சொல்கிறாளே என்ற வேதனைதான் சூடத்தைவிட அதிகமாகச் சுட்டது. கையை ஓங்கினேன்.

"அவுக செய்யல! நாந்தான் செஞ்சேன்!"

குப்பி. கூட்டத்துக்குள் புகுந்து வந்து என் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

அழகுத்தாய் அவளைத் திருப்பித் தன் பக்கம் இழுத்தாள். "யாரு சொல்லிச் செஞ்ச?"

"யாரும் சொல்லல."

"பொய் சொல்லாத. இது யாரு உருவம்?"

குப்பி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் அப்போதுதான் அந்தப் பொம்மையைச் சரியாகப் பார்த்தேன். மூக்குத்தி நான் போடுவதில்லை. கூடை நான் சுமப்பதில்லை. குப்பி வாய் திறந்தால் என்ன சொல் விழும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "ஏட்டி அழகு, விட்டுரு, கேக்காத" என்றேன். நான் தடுக்கத் தடுக்கத்தான் அவள் சந்தேகம் ஏறும் என்பதை அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

"ஏன் கேக்கக்கூடாது? எதுக்கு மறைக்கீக?" குப்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இப்பச் சொல்லப்போறியா இல்லியா? யாரு இது?"

"சொல்லக்கூடாதே" என்று அழுதாள் குப்பி.

"சொல்லு!"

"அம்மா" என்றாள் குப்பி. அழகுத்தாயின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "நீதான். எங்கம்மா."

வீரபாண்டி சகாயத்தின் சட்டையை விட்டான். அந்த வீட்டுக் கதை தெரியாதவர்கள் லயத்தில் கிடையாது. அழகுத்தாய் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். சொல் வெளியே வந்த பிறகு பொத்தி என்ன? மஞ்சுக்குள்ளே, தேயிலைக்குள்ளே, கூரைமேலே என்று அவள் கண் ஓடியது. யார் கேட்டது, எது கேட்டது என்று தேடினாள். பிள்ளையை இழுத்து வயிற்றோடு வைத்து முந்தானையால் மூடினாள்.

பிறகு இருட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"எம்பிள்ள இல்ல! இது எம்பிள்ள இல்ல! கூலிக்கு வளக்கேன்! வேலுத்தாய் பிள்ள!" தொண்டை கிழிந்துவிடும்போல இருந்தது. என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சந்தேகம் இருந்த இடமே தெரியவில்லை. "மதினி, சொல்லுங்க மதினி. சத்தமாச் சொல்லுங்க."

எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. "ஆமா! எம்பிள்ளதான்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "நான் வெல குடுத்து வாங்குன பிள்ள! எவளுக்கும் பாத்தியத கெடையாது!"

"வேலுத்தாய் பிள்ளதான், எங்களுக்குத் தெரியாதா!" என்றாள் குழாயடியில் வேதம் என்று சொன்னவள். பூச்சி மருந்துக்காரியும் கத்தினாள். "பொறந்தன்னைக்கே நான் பாத்தேனே, வேலுத்தாய்தான் பெத்தா!" என்று மேல் லயத்திலிருந்து வந்த ஒருவன் கூசாமல் புளுகினான். கோடாங்கியையும் குறியையும் நம்பாத சகாயம், கசங்கிய சட்டையோடு முன்னால் வந்து, "ஆண்டவர் சாட்சியா, வேலுத்தாய் மகதான்!" என்று எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். பிடுங்கிய பிஸ்கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பெண்களும், அழுத கண்ணோடு பிள்ளைகளும், வீரபாண்டியும்கூட, "வேலுத்தாய் பிள்ள, வேலுத்தாய் பிள்ள" என்று மலையைப் பார்த்துக் கூவினோம். அங்கே எது காத்துக் கிடந்திருந்தாலும் காது செவிடாகியிருக்கும்.

அந்த இரைச்சலுக்கு நடுவே அழகுத்தாய் மெல்ல முந்தானையை விலக்கினாள். குனிந்தாள். தன் காதைப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.